தூக்கத்துக்கு எத்தனை இங்கிலீஷ் வார்த்தை?

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. தோசைக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தேன். கேட் திறக்கும் சத்தம்.

"டீச்சர்... தூக்கத்துக்கு இங்கிலீஷ்ல எத்தனை வார்த்தைங்க இருக்குது?"

வணக்கம் இல்லை, சௌக்கியமா இல்லை. நேராக இந்தக் கேள்வி! முப்பது வருஷம் கல்லூரியில் இங்கிலீஷ் நடத்தியிருக்கிறேன். ஒரு மாணவன்கூட இத்தனை ஆர்வமாக என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. தூக்கம் பற்றி அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை... என் வகுப்பிலேயே பயிற்சி எடுத்துக்கொண்டார்கள்.

வந்தவர் மயில்சாமி. எல்லைக்கு அந்தப் பக்கம், மலையாளத்துச் சித்தூரில் எங்களுக்கு அடுத்த தெரு. கஞ்சிக்கோட்டில் பிளாஸ்டிக் வாளியும் டப்பாவும் செய்கிற ஒரு ஃபாக்டரியில் மிஷின் ஆபரேட்டர். முப்பத்தைந்து வயது இருக்கும். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். கையில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

இவர் என்னிடம் வந்ததற்குக் காரணம் நான்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் ஹவுஸுக்கும் ஹோமுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? செங்கல்லும் சிமென்டும் ஹவுஸ், உள்ளே இருக்கிற பாசம் ஹோம் என்று ஒரு போடு போட்டிருந்தேன். பாராட்டுகள் குவிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு கடிதம் மட்டும் இடித்தது. போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு அம்மா எழுதியிருந்தார். "எங்க மூணு பிள்ளைகளும் எஸ்டேட் குடுத்த இந்த லயத்து வீட்டுலதான் பிறந்துச்சு டீச்சர். ஆனா வேலை நின்னா வீட்டைக் காலி பண்ணிறணும். அப்ப இது ஹவுஸா, ஹோமா?" இரண்டு நாள் யோசித்தேன். பதில் தெரியவில்லை. தெரியாததை வெளியில் சொல்வோமா? கடிதத்தை எடுத்து டிராயருக்குள் வைத்துவிட்டேன். பாராட்டுக் கடிதங்கள் மட்டும் மேஜைமேல் இருந்தன.

ஆக, 'ஒரே மாதிரி இருக்கிற இங்கிலீஷ் வார்த்தைகளுக்குள் வித்தியாசம் கண்டுபிடிக்க டீச்சரை விட்டால் ஆள் இல்லை' என்று ஊருக்குள் ஒரு பேச்சு. அந்தப் பேச்சை நம்பித்தான் மயில்சாமி வந்திருந்தார்.

காகிதத்தை வாங்கிப் பிரித்தேன். ஃபாக்டரி கொடுத்த மெமோ. 'சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நீங்கள் டூட்டி நேரத்தில் ஸ்லீப்பிங் நிலையில் காணப்பட்டீர்கள். உங்கள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் விளக்கம் தரவும்.' அவ்வளவுதான். கீழே மேனேஜர் கையெழுத்து.

"அடுத்த மாசம் பெர்மனென்ட் லிஸ்ட் போடறாங்க டீச்சர். நாலு வருசமா டெம்பரவரியாவே ஓட்டிட்டேனுங்க. இந்த மெமோ ஃபைல்ல ஏறிருச்சுன்னா என்ற பேரை எடுத்துருவாங்க" என்றார் மயில்சாமி. குரல் உள்ளே போயிருந்தது. "ஸ்லீப்பிங்குங்கறதுக்குப் பதிலா வேற ஒரு நல்ல வார்த்தையாப் போட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா..."

தூங்கியதை மாற்ற முடியாது, வார்த்தையை மாற்றலாம். எவ்வளவு நியாயமான கோரிக்கை!

"பதிலைத் தமிழிலேயே எழுதலாமே?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்டேன். மயில்சாமி பதறிவிட்டார். எங்கள் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியாது. நாங்கள் வீட்டில் தமிழ் பேசுவோம், பஸ்ஸில் மலையாளம் பேசுவோம். ஆனால் மனு என்று வந்துவிட்டால் இங்கிலீஷ்தான். தமிழில் எழுதினால் ஆபீஸில் படிப்பார்களோ என்று சந்தேகம். மலையாளத்தில் எழுதினால் நம் எழுத்துப்பிழை தெரிந்துவிடும் என்று பயம். இங்கிலீஷ் என்றால் யாருக்கும் முழுசாகத் தெரியாது, அதனால் எல்லோருக்கும் பாதுகாப்பு.

சரி என்று ஆராய்ச்சியில் இறங்கினேன். எனக்கு உள்ளுக்குள் குஷி. அதை ஏன் மறைக்க வேண்டும்? ரிட்டையர் ஆனபிறகு இப்படி ஒரு வேலை யார் தருகிறார்கள்!

"முதல்ல, நீங்க தூங்குனீங்களா, நாப் எடுத்தீங்களா, டோஸ் ஆனீங்களா?"

மயில்சாமி விழித்தார். விளக்குவதற்கு வசதியாக ஹாலிலேயே ஒரு ஆதாரம் இருந்தது. என் வீட்டுக்காரர்! பாசனத் துறையில் இருந்து ரிட்டையர் ஆனவர். ஈஸிசேரில் சாய்ந்து, நெஞ்சுமேல் பேப்பரை விரித்து, கண்ணை மூடி...

"ஏனுங்க, தூங்கறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல, படிச்சுட்டு இருக்கறேன்." கண் திறக்கவில்லை.

"பாருங்க மயில்சாமி, இதுதான் டோஸ். நாமளா கூப்பிடறதில்ல, அதுவா வரும். வந்ததை யாரும் ஒத்துக்கவும் மாட்டாங்க. நாப்புங்கறது வேற. சாப்பிட்டுட்டு, ஃபேனைப் போட்டு, தலகாணி எடுத்து வச்சு, அரை மணி நேரம்னு திட்டம் போட்டுப் படுக்கறது. டோஸ்ல குத்தம் இல்ல. நாப்ல திட்டம் இருக்குது."

"அப்ப எனக்கு டோஸே போட்ருங்க டீச்சர்." கடையில் புடவை தேர்ந்தெடுத்த மாதிரி சொன்னார்.

அத்தனை சுலபமாக விடுவேனா? ஸ்னூஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அலாரத்தில் ஒரு பட்டனாக இருந்து இருந்து அதற்கு மரியாதை போய்விட்டது. ஸ்லம்பர் தாலாட்டிலும் மெத்தை விளம்பரத்திலும் மட்டும் வரும், ஃபாக்டரி தாங்காது. ரெஸ்ட்? டாக்டர் சொன்னால்தான் ரெஸ்ட், நாமாக எடுத்தால் அதற்குப் பேர் சோம்பல். ரெஸ்ட் ரூம் என்று போர்டு வைத்த இடத்தில்கூட யாராவது ரெஸ்ட் எடுக்கிறார்களா என்ன?

"உக்காந்திருந்தீங்களா, படுத்திருந்தீங்களா?"

"சாஞ்சிருந்தேனுங்க."

"எதுமேல?"

"அட்டைப்பெட்டி அடுக்கி வச்சிருந்தாங்க, அதுமேலீங்க."

"வாய் திறந்திருந்துச்சா?"

"அது எனக்கு எப்படிங்க டீச்சர் தெரியும்?"

ஆனால் தெரிந்துகொள்ள வழி இருந்தது. ரவுண்ட்ஸ் வந்த மேனேஜர் ஃபோனில் படம் பிடித்திருக்கிறார். அது எப்படியோ தொழிலாளிகளின் வாட்ஸப் குரூப்புக்கு வந்து, அங்கிருந்து மயில்சாமியின் ஃபோனுக்கும் வந்து சேர்ந்திருந்தது. கூச்சத்தோடு எடுத்துக் காட்டினார்.

சாய்ந்தெல்லாம் இல்லை. நன்றாகக் காலை நீட்டிப் படுத்திருந்தார். வாய் திறந்திருந்தது. அதைக்கூட விட்டுவிடலாம்... தலைக்கடியில் சட்டையை அழகாக மடித்து வைத்திருந்தார்!

"மயில்சாமி, டோஸ் ஆகிறவன் சட்டையைக் கழட்டி மடிச்சு வைப்பானா? இது சுத்தமான நாப்."

"மடிக்கறது பழக்கமுங்க டீச்சர்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

ஆனாலும் ஒரு முடிவோடு உட்கார்ந்தேன். 'மொமென்டரிலி டோஸ்டு ஆஃப்' – அதாவது ஒரே ஒரு கணம், என்னையறியாமல், கண் அசந்துவிட்டேன். சட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்து, சாரி போடுவதா, ரிக்ரெட் போடுவதா? சாரி என்றால் நான் செய்தது தப்பு என்று அர்த்தம். ரிக்ரெட் என்றால் இப்படி நடந்ததில் எனக்கும் வருத்தம், உங்களுக்கும் வருத்தம், வாருங்கள் சேர்ந்து வருத்தப்படுவோம் என்று அர்த்தம். ரிக்ரெட்டைப் போட்டேன். இரண்டு மணி நேரம் ஆனது. ஒன்றரைப் பக்கம். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

படித்துக் காட்டினேன். மயில்சாமிக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. அதனாலேயே அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டார். காபிகூடக் குடிக்காமல் கும்பிட்டுவிட்டுப் போனார். திங்கட்கிழமை மத்தியான ஷிஃப்டுக்குப் போகும்போது ஆபீஸில் கொடுத்துவிட்டதாக ஃபோன் செய்தார். நானும் அன்றைக்கு முழுக்கக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். புடவையில் காலர் இல்லை என்பது வேறு விஷயம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு ஃபோன்.

"டீச்சரே, சுகமாணோ? நான் ரம்யா. டீச்சரோட பழைய ஸ்டூடன்ட். இப்போ கஞ்சிக்கோட்டில் ஹெச்.ஆர். ஆபீசர்."

பழைய மாணவி! சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த வரி வந்தது.

"மயில்சாமியோட எக்ஸ்பிளனேஷன் டீச்சர் எழுதினது அல்லே? 'மொமென்டரிலி' கண்டப்பவே எனக்குப் புரிஞ்சது."

"நல்லா இருந்துச்சா?" வெட்கமே இல்லாமல் கேட்டேன்.

"லெட்டர் உக்ரன், பிரமாதம் டீச்சர். பக்ஷே, அந்த ஆளுக்குத்தான் பிரச்னை."

ரம்யா விளக்கினாள். ஃபாக்டரி சட்டத்தில் டோஸ், நாப் என்றெல்லாம் பிரிவு கிடையாதாம். தூக்கம் என்றால் தூக்கம். மெமோவில் இருந்தது குற்றச்சாட்டு மட்டும்தான். பதில் கடிதத்தில் மயில்சாமி கையெழுத்துப் போட்டு அதை ஒப்புக்கொண்டுவிட்டார்... ஒன்றரைப் பக்கத்துக்கு, நல்ல இங்கிலீஷில். காரணம் என்று ஒரு வரிகூட இல்லை. "சாயங்காலம் இது மேனேஜர் டேபிளுக்குப் போகணும் டீச்சர். இப்படியே போனா லிஸ்ட்டில் பேரு உண்டாகாது. வேறே வல்லதும் சொல்ல உண்டா?"

வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா? எனக்கு எப்படித் தெரியும்! நல்லது செய்கிறேன் பேர்வழி என்று ஒரு மனிதரின் நாலு வருஷத்தில் மண்ணைப் போட்டுவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்றால் என் வயசுக்கு ஓட்டம்.

மயில்சாமி வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தனலட்சுமி உள்ளே இருந்து வந்தார். மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். மயில்சாமியின் முகம் வெளுத்துவிட்டது. துணியை மட்டும் பிழிந்துகொண்டே இருந்தார்.

தனலட்சுமிதான் பேசினார். "ஏனுங்க டீச்சர், வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணி ஷிஃப்டுக்குப் போன மனுசன் சனிக்கிழமை ரெண்டு மணிக்குத்தானுங்க வெளிய வந்தாரு. தூங்காம என்னங்க பண்ணுவாரு?"

விரல் விட்டு எண்ணினேன். பதினாறு மணி நேரம்!

"ரெண்டு ஷிஃப்டா? ஏன்?"

"காலைல ஆறு மணிக்கு எனக்கு மாத்தாள் வரலீங்க" என்றார் மயில்சாமி. "மிஷினை அப்படியே உட்டுட்டு வந்தா உள்ள உருகுன பிளாஸ்டிக் எறுகிப்போயிருமுங்க. 'நீயே பாத்துக்க மயிலு'ன்னு சூப்பர்வைசர் சொன்னாருங்க. பார்த்தேன். பத்தே முக்காலுக்கு அச்சு மாத்த மிஷினை நிறுத்துனாங்க. அந்தக் கேப்லதானுங்க..."

"இந்தச் சூப்பர்வைசர் மேனேஜர்கிட்ட இதைச் சொல்லலியா?"

"வாய்ப்பேச்சுல ரெண்டு ஷிஃப்டு பாக்கச் சொல்லக் கூடாதுங்க. எழுதி பர்மிஷன் வாங்கோணும். சொன்னா அவருக்குத்தானுங்களே மெமோ வரும்?"

"அட, நீங்களாவது சொல்லியிருக்கலாமே! என்கிட்டயாவது!"

மயில்சாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, குத்தல் இல்லை. ஒரு தகவல் சொல்கிற மாதிரி சொன்னார்.

"மெமோல தூங்குனியான்னுதானுங்க கேட்டிருந்தாங்க. நீங்களும் எப்படித் தூங்குனேன்னு கேட்டீங்க. ஏன் தூங்குனேன்னு யாருமே கேக்கலீங்களே டீச்சர்."

 

இதை நீங்கள் அசட்டுத்தனம் என்று நினைப்பீர்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் நினைக்க மாட்டார்கள். ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பதில் இருந்து வில்லேஜ் ஆபீஸில் சர்டிஃபிகேட் வாங்குவது வரைக்கும் எங்களுக்கு ஒரே பாடம்தான் – கேட்டதுக்கு மட்டும் பதில் சொல். கூட ஒரு வார்த்தை தமிழில் சொன்னால், 'அது எந்தா?' என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் இன்னொரு பேப்பர் கொண்டுவரச் சொல்வார்கள். அப்புறம் இன்னொரு நாள் அலைச்சல். அப்படிப் பழகிப் பழகி, நாலு வருஷ வேலை போகிற நேரத்திலும் மயில்சாமி கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னார்.

அவராவது பழக்கதோஷம். எனக்கு என்ன கேடு? வாய் திறந்திருந்ததா, சட்டை மடித்திருந்ததா என்று குறுக்கு விசாரணை செய்தேனே... மனிதர் ஏன் அப்படி அடித்துப்போட்ட மாதிரி கிடக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியதா? அந்தப் படத்தை என் கையில் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. நான் சட்டையை மட்டும் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ரம்யாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ டீச்சரே, இதல்லே முதல்ல எழுத வேண்டியது! பஞ்சிங் மிஷின்ல எல்லாம் இருக்குமல்லோ. ஃபோட்டோ வந்ததால் யாரும் அது நோக்கலை. இன்னைக்கு ஷிஃப்டுக்கு வரும்போது வேறே ஒரு லெட்டர் தரச் சொல்லுங்க."

"இங்கிலீஷ்ல எழுதித் தரட்டுமா?"

"வேண்டா டீச்சர். அந்த ஆளே எழுதட்டும். தமிழ் போதும். நான் கோயம்புத்தூர்ல எம்.பி.ஏ. படிச்சதல்லே... வாசிப்பேன்."

எத்தனை நாசூக்காக என் பேனாவைப் பிடுங்கிவிட்டாள் பாருங்கள்!

மயில்சாமி மகளின் நோட்டில் இருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினார். 'வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வேலைக்கு வந்தேன். காலையில் மாற்று ஆள் வரவில்லை. மிஷின் கெட்டுவிடும் என்று நானே தொடர்ந்து பார்த்தேன். பத்தே முக்காலுக்கு அச்சு மாற்ற மிஷினை நிறுத்தினார்கள். அப்போது தூங்கிவிட்டேன். ரெண்டு மணி வரைக்கும் வேலை பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.' சூப்பர்வைசர் பெயர் அதில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டார் என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

தூங்கிவிட்டேன். எந்த ஜரிகையும் இல்லாத ஒரு சாதாரண வார்த்தை. ஒன்றரைப் பக்கம் எழுதி நான் மறைக்கப் பார்த்ததை அவர் ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்கு முன்னால் நான்கு வரி இருந்தது. அந்த நான்கு வரிக்கு எந்த அகராதியில் போய்த் தேடுவேன்?

பஞ்சிங் மிஷின் பொய் சொல்லவில்லை. உள்ளே வந்தது ராத்திரி பத்து, வெளியே போனது மறுநாள் மத்தியானம் இரண்டு. வெள்ளிக்கிழமை மயில்சாமி மறுபடி ஒரு காகிதத்தோடு வந்தார். இந்தத் தடவை மடிக்காமல் பிடித்திருந்தார். 'இனிமேல் கவனமாக இருக்குமாறு அட்வைஸ் செய்யப்படுகிறீர்கள். இந்த விஷயம் இத்துடன் முடிக்கப்படுகிறது.'

"டீச்சர், அட்வைஸுன்னா வார்னிங்தானுங்களா?" என்றார் கவலையோடு.

"இல்லவே இல்ல! வார்னிங் ஃபைல்ல ஏறும். அட்வைஸ் காதுல ஏறும், அதுவும் பாதி பேருக்கு ஏறாது. உங்க பேரு லிஸ்ட்ல இருக்கும், தைரியமாப் போங்க."

அப்பாடா, கடைசியில் என் இங்கிலீஷும் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது! மயில்சாமி வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். காபியும் குடித்துவிட்டுப் போனார். டிராயரில் இருந்த போடிமெட்டு அம்மாவின் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவருக்குப் பதில் எழுத வேண்டும். பதில் என்ன, நான் கேட்க வேண்டியதே நிறைய இருக்கிறது.

திரும்பினால் ஹாலில் அதே ஈஸிசேர். அதே பேப்பர். அதே மூடிய கண்.

'தூங்கறீங்களா' என்று கேட்க வாய் வந்தது. நிறுத்திக்கொண்டேன். புத்தி வந்தவள் அல்லவா? பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, பகல்ல இப்படி அசந்துபோறீங்களே... ஏனுங்க? ராத்திரி தூக்கம் வர்றதில்லீங்களா?"

கண்ணைத் திறந்தார். பேப்பரை மடித்து ஓரமாக வைத்தார்.

"அஞ்சு வருசமா தூங்கறீங்களா, தூங்கறீங்களான்னு கேட்ட. ஏன்னு இன்னைக்குத்தான் கேக்கற."

"சொல்லுங்க."

"நீ ராத்திரியெல்லாம் உடற கொறட்டைல மனுசன் எப்படித் தூங்கறது?"

குறட்டையா? நானா?

வாசகர்களே, தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அது குறட்டை இல்லை... டீப் பிரீதிங்!